பழைய கார், புதிய விலை: பெறுமா, பெறாதா?

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே ஒரு தொழிற்கூடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட போர்ஷே கார் ஒன்றைத் தேடி வாங்கி அங்கே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். காத்திருந்தவருக்கு அவருடைய கார் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் கதவுகளைத் தவிர அதன் வெளியுடலில் ஒரு தகடேனும் பழையதன்று. இயந்திரம் முற்றாகப் பிரிக்கப்பட்டு, பெரிதாக்கப்பட்டு, மறுபடி கோக்கப்பட்டிருக்கும். ஆசனத் தோலின் தையல் தொடக்கம் வேகமானியின் எழுத்து வரை எல்லாம் உரிமையாளர் விரும்பியவாறு புதிதாய் அமைந்திருக்கும். இதற்கு அறவிடும் தொகை அண்மைய ஆண்டுகளில் 5 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்ததில்லை. ஒப்படைத்த பழைய காரின் விலை அதிலே சேராது. அதே கார் 1990ஆம் ஆண்டளவிற் புத்தம் புதிதாய் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவிலே அதன் விலை ஏறத்தாழ 60,000 டொலர்!

இச்செய்தியைக் கேட்டவுடன் குடும்பத் தலைவர்கள் பெருமூச்செறிவர். இளைஞர்கள் கண்ணகல விழிப்பர். பணம் மிதமிஞ்சியவர்களின் கிறுக்கு என்று ஒரே சொல்லிலே தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எவரும் வேண்டாத பொருளுக்குப் பெருவிலை கேட்பதுதான் கிறுக்கு. இக்கார்களை ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்து பெற்றவர் பலர். பெற்றவரிடமிருந்து இன்னுங் கூடிய விலைக்கு வாங்கியவரும் உளர். 10 இலட்சம் டொலரைத் தாண்டிக் கைமாறியவையும் உண்டு. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இவ்விலை எதற்கு? உழைப்புக்கா, பெயருக்கா, பழமைக்கா? பழமைக்கே என்றால், பழமையைக் கழற்றி எறிந்துவிட்ட பின்னர் எஞ்சியிருப்பதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அக்கூடத்தின் பெயர் சிங்கர். நம் வீடுகளிலே ஆட்சி புரிந்த தையல் இயந்திரத்துக்கும் இதற்கும் எவ்வித உறவுமில்லை. இதனை 2009ஆம் ஆண்டிலே நிறுவியவர் ரொப் டிக்கின்சன் என்னும் ஆங்கிலேயர். கார் வடிவமைப்புக் கலையைக் கற்று, லோட்டஸ் நிறுவனத்திலே சிலகாலம் பணிபுரிந்து, பின்னர் அதனைக் கைவிட்டுக் காத்தரின் வீல் என்ற இசைக்குழுவின் பாடகராய்ப் பெயர்பெற்றவர். சிங்கர் என்ற சொல் பாடகரைக் குறிப்பது ஒருபுறமிருக்க, போர்ஷே நிறுவனத்தின் பந்தயக் கார்களை உருவாக்கிய பொறியியலாளர் நோபேட் சிங்கருக்குச் செலுத்தும் மரியாதையாகவும் அப்பெயர் அமைந்தது. லொஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்த டிக்கின்சன் பழைய போர்ஷே ஒன்றைத் தம் மனம்போல மாற்றியமைத்துத் தெருவிலே ஓட்டித் திரிந்தார். கண்டவர்கள் எல்லாரும் அதனை விலைக்குக் கேட்டனர். கேட்டவர் தொகை பெருகப் பெருக, அதுவே தொழிலாயிற்று.

அவர் எடுத்துக்கொண்ட காரின் பிறப்பையும் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. 1963ஆம் ஆண்டு பிராங்போட் கண்காட்சியிலே 901 என்னும் எண்ணோடு அது வெளிப்பட்டது. நடுவிலே பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரெஞ்சு நாட்டுப் பேஜோ நிறுவனம் தடைசொல்லவே, 911 என்று மாற்றினார்கள். ஆறு உருளைகள் கொண்ட இயந்திரம், மூன்றுக்கு மூன்றாய் எதிரெதிரே படுத்த நிலையில், பின் சில்லுகளுக்கும் அப்பாலே காரின் வாலிலே பொருத்தப்பட்டது. அதனைக் குளிர்விப்பது நீரன்று, காற்று. வாலிலே பாரம் மிகுந்த வண்டி வளைவிலே தடுமாற வேண்டும் என்பது பௌதிகம்; இக்கார் தடுமாறவும் செய்தது. வேறு நிறுவனமாயின் அவ்வமைப்பையே கைவிட்டிருக்கும். ஜேர்மானியரோ தவறென்று பிறர் சொன்ன ஓர் அமைப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாய்த் திருத்தித் திருத்தியே உலகின் தலைசிறந்த ஸ்போட்ஸ் கார்களுள் ஒன்றாக்கிக் காட்டினார்கள். 1998ஆம் ஆண்டோடு காற்றினாற் குளிரும் இயந்திரம் முடிவுக்கு வந்தது. இனிக் கிடையாது என்றானபின் பழையவற்றின் மேல் ஆசை பெருகுவதற்குக் கேட்கவும் வேண்டுமா?

அவற்றுள்ளும் 964 என்னும் உள்ளெண் பெற்ற வகையையே சிங்கர் ஏற்றுக்கொள்கிறது. 1989 தொடக்கம் 1994 வரை செய்யப்பட்ட வகை அது. சுருள்விற்களும், சில்லு இறுகிப்போகாது தடுக்கும் பிரேக் அமைப்பும் 911க்கு அக்காலத்திலேயே வந்து சேர்ந்தன. ஆதலால் அடித்தளம் ஓரளவு புதியது. அதன்மேல் 1970ஆம் ஆண்டளவிலே இருந்த பழைய 911இன் தோற்றத்தைச் சற்று அகன்ற தோள்களோடு போர்த்திவிடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு ஐம்பது ஆண்டுப் பழமை. ஓட்டுபவர் கைக்கு அண்மைக்கால நம்பகம். இந்தச் சேர்க்கையைத்தான் வாங்குபவர் விரும்புகிறார்.

இனி வேலையைப் பார்ப்போம். வெளியுடலைக் காபன் இழையினாற் செய்கிறார்கள். காபன் இழை என்பது தலைமயிரினும் மெல்லிய கரிய நூல். அதனைத் துணியாய் நெய்து, பிசினூட்டி, அச்சினுள்ளே பல படைகளாய்க் கையினால் விரித்து, அமுக்கமும் வெப்பமும் ஊட்டும் பெரிய அடுப்பிலே வேகவைத்து எடுக்கவேண்டும். உருக்கினும் மிக இலேசானது; உறுதியோ குறைவற்றது. ஆனால் உருக்குத் தகட்டைப்போல ஒரே அடியிலே அழுத்தி வார்த்தெடுக்க முடியாது. படைகளுக்கிடையே ஒரு காற்றுக்குமிழ் தங்கினாலும் அத்துண்டு பழுது. இதைவிட முக்கியமானது அச்சு. ஓர் அச்சைச் செய்வதற்கு ஆகும் செலவு, அதிலே 10 துண்டுகள் எடுத்தாலும் ஒன்றுதான், 10,000 துண்டுகள் எடுத்தாலும் ஒன்றுதான். போர்ஷே நிறுவனம் 964 வகையில் 60,000க்கு மேற்பட்ட கார்களைச் செய்து அச்சுச் செலவைப் பங்கிட்டது. சிங்கரோ தன் முதல் வரிசையை 450 கார்களோடு நிறுத்திக்கொள்வதென்று வரையறுத்தது. பங்கு பிரிக்கும் தலைகள் குறைந்தால் ஒவ்வொரு தலையிலும் விழும் சுமை கூடும். கைத்தறிச் சேலைக்கும் ஆலைச் சேலைக்குமுள்ள விலைவேறுபாட்டை அறிந்த நம் பெண்மக்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இயந்திரமும் அவ்வாறே. 3.6 லீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 250 குதிரைவலுவும் கொண்டிருந்ததை 4 லீற்றராக்கி, முதல் வரிசையிலே 390 குதிரைவலு அளவுக்கு உயர்த்தினார்கள். பந்தய இயந்திரங்களைக் கையாண்டு பழகிய தொழில் விற்பன்னர்கள் ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியே அளந்து கோக்கிறார்கள். ஆசனத்தைப் பின்னலாய் அமைப்பவர், வர்ணம் பூசி உரைத்துப் பூசி உரைத்துக் கண்ணாடியாக்குபவர், சிறு திருகாணிக்கும் முலாம் பூசுபவர் எனக் கைகள் பல. மணிக்கணக்கிற் சொன்னால் ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான மணி.

கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. மாணவர்களும் என்னோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக 4,000 மணி என்று கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்றால் ஒருவன் ஆண்டிலே உழைப்பது 2,000 மணி. எனவே ஒரு கார் ஒரு தொழிலாளியின் ஈராண்டு உழைப்பை விழுங்குகிறது. கலிபோர்ணியாவிலே தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் கூலி, கூடத்தின் வாடகை, மின்சாரம், காப்புறுதி எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 100 டொலர் என்று மட்டாய் மதித்தாலும், கூலிச் செலவே 4 இலட்சம் டொலர். பொருட்செலவு அதற்குப் புறம்பு. இக்கணக்கிலே மணித்தொகையையும் கூலியையும் நீங்கள் சிறிது குறைத்தாலும் கூட்டினாலும் முடிவு பெரிதும் மாறாது. அரை மில்லியன் டொலர் என்ற விலையிலே பகற்கொள்ளை எதுவும் ஒளிந்திருப்பதாய் எனக்குத் தோன்றவில்லை. கைவேலைக்கு நியாயமான கூலி கொடுத்தால் விலை அங்கேதான் போய் நிற்கும். கைவேலையை மெச்சிக்கொண்டே கைக்கூலியைப் பேரம்பேசும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலே சற்றுக் கூடுதலாய் உண்டு.

2018ஆம் ஆண்டிலே இதே கூடம் இன்னொரு படி ஏறியது. பிரித்தானியாவின் வில்லியம்ஸ் பொறியியற் குழுவைத் துணைக்கழைத்து, போர்ஷேயின் முதுபெரும் இயந்திர வல்லுநர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் ஆலோசனையையும் பெற்று, நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுழன்று 500 குதிரைவலு தரும் காற்றுக் குளிர்ச்சி இயந்திரத்தைப் படைத்தது. காரின் எடை 1,000 கிலோகிராமுக்கும் குறைவு. 75 கார்கள் மட்டுமே. விலை ஏறத்தாழ 18 இலட்சம் டொலர். இவ்விடத்திலே என் தராசு சற்று ஆடுகிறது. புது இயந்திரம் ஒன்றை ஆய்ந்து படைக்கும் செலவை 75 பேர் தலையிலே கட்டினால் விலை இவ்வாறுதான் ஏறும், அதனை மறுக்கவில்லை. ஆனால் இது பழைய காரைத் திருத்துதல் அன்று. புதிய காரைப் பழைய காரின் பதிவுப் புத்தகத்துக்குள் நுழைத்தல். இதற்கு விலை கொடுப்பவர் பழமைக்குக் கொடுக்கவில்லை என்பதை அறிந்து கொடுக்க வேண்டும்.

பழமைக்கு விலை எவ்வாறு மதிக்கப்படுகிறது? பழைய கார்களைச் சேகரிப்போரின் உலகிலே சட்டம் மிகக் கடுமையானது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ, அவ்வளவு விலை. அடிச்சட்டத்திலே பொறித்த எண்ணும் இயந்திரத்திலே பொறித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். இயந்திரம் மாறியிருந்தால் விலை சரியும்; நிறம் மாறியிருந்தாலும் சரியும். பழைய வாகனங்களுக்கான உலக சம்மேளனமும், 30 ஆண்டு கடந்து, தன் காலத்துக்குரிய நிலையிலே பேணப்பட்டதையே வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. கை படாத பொருளுக்கு மனிதர் எவ்வளவு கொடுப்பர் என்பதற்கு 2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சான்று கிடைத்தது. 1955ஆம் ஆண்டிலே இரண்டே இரண்டாய்ச் செய்யப்பட்டு, மேர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்தின் சொந்தக் காப்பிலேயே இருந்துவந்த பந்தயக் கார்களுள் ஒன்று ஏலத்திலே 13½ கோடி யூரோவுக்குப் போயிற்று. அதுவரை எந்தக் காரும் ஏலத்திலே அவ்வளவு பெற்றதில்லை. கிடைத்த பணத்தை மாணவர் உதவிநிதிக்கென்று ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இச்சட்டப்படி பார்த்தால், நல்ல பழைய கார் ஒன்றை மாற்றியமைப்பவர் தம் கையாலேயே தம் பணத்தை எரிக்கிறார். இன்னொரு தீங்கும் உண்டு. 1973ஆம் ஆண்டுக்கென போர்ஷே நிறுவனம் வெளியிட்ட கரேரா ஆர். எஸ். என்னும் வகையை முதலிலே 500 அளவிற் செய்யத் திட்டமிட்டார்கள். கேள்வி மிகுந்ததால் 1,580 வரை செய்தார்கள். இன்று அசல் ஒன்று பல இலட்சம் டொலர் பெறும். ஆகவே சாதாரண 911க்கு வாத்துவால் போன்ற பின்சிறகைப் பொருத்தி, பக்கத்திலே எழுத்தை எழுதி, ஆர். எஸ். போலத் தோன்றச் செய்தவை எத்தனையோ! போலி என்று வெளிப்படையாய்ச் சொல்லி விற்பவர் குற்றவாளியல்லர். இரண்டாங் கை, மூன்றாங் கை மாறும்போதுதான் அந்த வாக்குமூலம் தொலைந்துபோகிறது.

ஆனால் இவ்விதியை முறித்தெறிந்த கார்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியிலே அமெரிக்காவைக் கலக்கிய பாடகி ஜனிஸ் ஜொப்ளின். 1964ஆம் ஆண்டின் போர்ஷே 356 ஒன்றை அவர் 1968இல் பழையதாக வாங்கினார். வாங்கிய காரின் உடல் முழுவதும் மலை, வானம், விண்மீன், வண்ணத்துப்பூச்சி, முகங்கள் என்று வண்ணச் சித்திரங்களை வரைவித்தார். சேகரிப்பாளரின் சட்டப்படி அது நாசமாக்கப்பட்ட கார். அவர் 1970இல் இருபத்தேழு வயதிலே மறைந்தார். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயோர்க் ஏலத்திலே அக்காருக்குக் கிடைத்த விலை 17 இலட்சத்து 60 ஆயிரம் டொலர். அவ்வகைச் சாதாரண கார் பெறுவதைப்போலப் பன்மடங்கு. இன்னும் வியப்பு என்னவென்றால், அச்சித்திரம் முதலிலே வரைந்த சித்திரம் அன்று. இடைக்காலத்திலே கார் சாம்பல் நிறமாய்ப் பூசப்பட்டுவிட்டது. 1990களிலே பழைய புகைப்படங்களைப் பார்த்து வேறு கலைஞர்கள் மீண்டும் வரைந்தார்கள். ஆகவே 17 இலட்சம் டொலர் உலோகத்துக்கு அன்று. மூலச் சித்திரத்துக்குங்கூட அன்று. அந்த ஆசனத்திலே அமர்ந்து கார் ஓட்டிய ஒரு பெண்ணின் நினைவுக்கே அவ்விலை.

மாற்றிய பின்னும் அது அதே பொருள்தானா என்ற கேள்வி லண்டன் உயர் நீதிமன்றம் வரை சென்றதுமுண்டு. என் மனத்தை மிகவும் கவர்ந்த வழக்கு அது. பென்ட்லி நிறுவனத்தின் ஸ்பீட் சிக்ஸ் வகைக் கார் ஒன்று, வூல்வ் பார்னாட்டோ முதலியோர் ஓட்ட, பிரான்சின் லெ மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்திலே 1929, 1930 என அடுத்தடுத்து இருமுறை வென்றது. ஓல்ட் நம்பர் வன் என்று அதற்குச் செல்லப்பெயர். 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்திலே அது கரை தாண்டிப் பாய்ந்து நொறுங்கியது; ஓட்டிய கிளைவ் டன்பீ உயிரிழந்தார். பின்னர் புது உடல் பூட்டி வேறு உருவத்திலே ஓடியது. பந்தயத்துக்குப் பந்தயம் உறுப்புகள் மாறி, விபத்திலே மாறி, திருத்தத்திலே மாறி, 1929ஆம் ஆண்டு ஓடிய உறுப்புகளுள் மிகச் சிலவே கடைசியில் எஞ்சின. இதனை ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், இது அந்தக் கார் அன்று என்று சொல்லிப் பின்வாங்கியது. விற்றவர் வழக்குத் தொடுத்தார்.

1990ஆம் ஆண்டு ஜூலையிலே நீதியரசர் ஒட்டன் தீர்ப்பளித்தார். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட அதே மூலக் கார் என்று இதனைச் சொல்ல முடியாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் எக்காலத்திலும் இக்கார் இல்லாமற்போய்ப் பின்னர் புதிதாய் உருவாக்கப்பட்டதில்லை. ஓர் உறுப்பு போக இன்னோர் உறுப்பு வர, வாழ்வு அறாமலே தொடர்ந்து வந்தது. வேறெந்தக் காரும் அப்பெயருக்கு உரிமை கோர முடியாது. ஆகவே உண்மையான ஓல்ட் நம்பர் வன் இதுவே என்றார். வாங்கியவர் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாட்டன் கட்டிய நாற்சார் வீட்டிலே தந்தை ஓட்டைப் பிரித்து மாற்ற, மகன் தூணை மாற்ற, பேரன் நிலத்தைப் பெயர்த்துச் சீமெந்து இட்ட பின்னும் நாம் அதனைப் பாட்டனார் வீடு என்றுதானே சொல்கிறோம்? அறாத வாழ்வே அடையாளம் என்ற அத்தீர்ப்பு தத்துவ வகுப்பிலே வைத்துப் படிக்கத்தக்கது.

நம் நாட்டினருக்கு இக்கருத்து புதிதன்று. மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கார்களும் அறுபது எழுபது ஆண்டு கடந்தும் நம் வீதிகளிலே ஓடியிருக்கின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்தவர் யார்? அவற்றின் மெக்கானிக்குகள் தோற்றத்துக்காக எதையும் மாற்றியதில்லை. ஓடினாற் போதும் என்பதற்காகவே மாற்றினார்கள். அவர்களுடைய கைவேலைக்கு எவரும் மணிக்கு 100 டொலர் கொடுத்ததில்லை என்பது வேறு விடயம்.

சிங்கர் கார்கள் பற்றி என் மாணவர் இருவர் அண்மையிலே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜேர்மானியப் பொறியியலாளர் படைத்ததைச் சிதைத்து அவர்கள் பெயரிலேயே விலைபேசுவது திருட்டு என்றான் ஒருவன். சிற்பி கல்லைச் சிதைக்காமற் சிலை வருமா என்றான் மற்றவன். முதலாமவனுக்கு ஒரு செய்தி சொன்னேன். தாம் கார் செய்வதாகவோ விற்பதாகவோ சிங்கர் நிறுவனத்தார் சொல்வதில்லை. உரிமையாளர் கொண்டுவரும் காரை அவர் விருப்பப்படி மீட்டுத் திருத்திக் கொடுப்பதே தம் பணி என்றும், திருத்திய காரைச் சிங்கர் என்ற பெயராலே அழைக்கலாகாது என்றும் எழுத்து மூலம் அறிவிக்கிறார்கள். போர்ஷேயின் வணிகக்குறி உரிமையை மீறாதிருப்பதற்கான எச்சரிக்கை அது. எனவே அரை மில்லியன் கொடுத்தவர் கையிலிருப்பது, பதிவுப் புத்தகத்தின்படி 1990ஆம் ஆண்டளவில் செய்த பழைய போர்ஷே ஒன்றுதான். இருந்தும் சந்தை முழுவதும் அதனைச் சிங்கர் என்றே அழைக்கிறது. அப்பெயருக்கே கூடிய விலையும் கொடுக்கிறது.

மூலப் பொருள் அழிகிறதே என்ற கவலைக்கும் ஓரளவு விடை உண்டு. 964 ஒருகாலத்திலே 911 குடும்பத்தில் விரும்புவோர் குறைந்த பிள்ளை. 60,000க்கு மேல் பிறந்தவற்றுள் 450உம் 75உம் வேறு உரு எடுப்பதால் அவ்வினம் அழிந்துவிடாது. இரண்டே இரண்டாய்ப் பிறந்த காரிலே ஒருவர் வாளை வைத்தால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். ஆயிரத்தைந்நூறாய்ப் பிறந்த ஆர். எஸ். காரிலே கை வைப்பவர் பக்கமும் நிற்க மாட்டேன். ஆதலால், வேலைக்குரிய விலையாய்ப் பார்த்தால் சிங்கரின் முதல் வரிசைக் கார் கேட்ட விலை பெறும் என்பதே என் தீர்ப்பு. அதற்கு மேலே மறுவிற்பனையிலே ஏறிய இலட்சங்கள் வேலைக்கு உரியவை அல்ல. அவை வரிசையிலே நிற்கப் பொறுக்காதவர்கள் வரிசைக்குக் கொடுத்த விலை. ஆசை இடம் மாறினால் அந்த இலட்சங்கள் இறங்கவுங் கூடும். மணிக்கணக்காய்ச் செய்த வேலை மட்டும் காரிலேயே இருக்கும்.

இத்தனையும் எழுதியதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிங்கருக்குக் கிடைத்த விலையைக் கண்டு, தம் வளவிலே நின்ற பழைய ஸ்போட்ஸ் காரை மாற்றியமைத்து, "இவ்வளவு செலவிட்டேன், ஆகவே இவ்வளவு தா" என்று விளம்பரம் செய்வோர் எந்நாட்டிலும் பெருகிவிட்டார்கள். ஓய்வுபெற்றபோது கிடைத்த கொடையையும் பல்லாண்டுச் சேமிப்பையும் இவ்வாறான ஒன்றிலே, முதலீடு என்ற பெயரிலே போடுபவரும் இருக்கிறார்கள். செலவு வேறு, பெறுமதி வேறு. ஒருவர் தம் சுவைக்கேற்பச் செய்த மாற்றத்துக்கு, அதே சுவையுடைய இன்னொருவரைக் கண்டுபிடித்தாலன்றி விலை கிடையாது. ஊதா நிறத் தோலை ஆசையோடு போட்டவர் 10,000 டொலர் செலவிட்டிருப்பார். வாங்குபவர் அதனைக் கழற்ற இன்னும் 5,000 டொலர் ஆகுமே என்று மனத்துக்குள் கழித்துக்கொண்டிருப்பார்.

வாங்கத்தான் வேண்டும் என்பவருக்கு, இத்துறை அறிந்தோர் கையாளும் முறை ஒன்றிரண்டைச் சொல்லலாம். முதலிலே அடிச்சட்ட எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி ஒட்டுவேலை தெரிந்தால் அப்பால் பேச்சே வேண்டாம். வர்ணத்தின் மினுக்கத்தைப் பார்க்குமுன் காரை உயர்த்தி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். துரு அங்கேதான் குடியிருக்கும். பணமும் அங்கேதான் கரையும். வலுக் கூட்டிய இயந்திரத்தைத் தாங்கும் அளவுக்குப் பிரேக்குகளும் மாற்றப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். குதிரைவலுவைப் பெருக்கிவிட்டுப் பிரேக்கை மறந்த கார் எந்த விலைக்கும் மலிவன்று. வேலை செய்த கராஜ் எது, அதன் பற்றுச்சீட்டுகள் உண்டா, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டா என்று கேட்க வேண்டும். காப்புறுதிக் கம்பனி அந்த விலையை எழுத்திலே ஏற்குமா என்பதையும் பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, கழற்றிய பழைய உறுப்புகள் எங்கே என்று கேளுங்கள். பொறுப்பறிந்தவர் பழைய ஸ்ரியறிங் சில்லையும், ஆசனங்களையும், காபரேற்றரையும் எண்ணெய் பூசித் துணியிலே சுற்றிப் பெட்டியிலே வைத்திருப்பார். எறிந்துவிட்டேன் என்று சொல்பவரிடம், கேட்ட விலையிலே பாதியைச் சொல்லிப் பாருங்கள்.